கண்ணகையின் கூரைக் கடன்

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு முற்பகல், கல்லடியில் கண்ணகையின் வீட்டுக்கு அடுத்த வளவில் நின்ற தென்னையின் தலையில் ஒரு ஷெல் விழுந்தது. தென்னை போனது. கண்ணகையின் வீட்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை, கூரை ஓடுகள் எல்லாம் ஒருமுறை எழுந்து நின்றதைத் தவிர. எழுந்தவற்றில் பாதிக்குமேல் திரும்பத் தங்கள் இடத்தில் உட்காரவில்லை.

ஆளுக்குச் சேதமில்லை. கண்ணகை குசினிக்குள் இருந்தாள். அவள் கணவர் இளையதம்பி விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். புழுதி அடங்கியபிறகு அவர் கண்ணைத் திறந்து, "ஆருகா அது கதவில அடிச்ச?" என்று கேட்டார்.

கண்ணகை நட்டஈட்டுக் கந்தோருக்குப் போனாள். அங்கிருந்த எழுதுவினைஞர் அவள் சொன்னதை முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, உங்கட வீட்டில ஷெல் விழல்ல. பக்கத்துத் தென்னையிலதான் விழுந்திருக்கு. உங்கட வீடு பயந்திருக்கு, அவ்வளவுதான். பயத்துக்கு நட்டஈடு இல்ல."

"தென்னைக்கு?"

"தென்னைக்கு இருக்கு. தென்னையிர சொந்தக்காரர் நேரில வந்து கையெழுத்து வெச்சா நாங்க குடுப்பம்."

தென்னையின் சொந்தக்காரர் கனடாவில் இருந்தார்.

அந்த வீடு கண்ணகைக்குத் தாய் கொடுத்த சீதனம். ஆறு அறை, சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய தடித்த சுவர், வாவியைப் பார்த்த விறாந்தை. இளையதம்பி இருபத்தேழு வருடங்களுக்கு முன்னர் ஒரு சூட்கேசுடனும் ஒரு ரேடியோவுடனும் மாப்பிள்ளையாக அந்த வீட்டுக்கு வந்தவர். ஒரு நெல் ஆலையில் எழுத்துவேலை பார்த்தார். யுத்தத்தில் ஆலை மூடியது. அதற்குப்பிறகு வீட்டில் வருமானம் என்று இருந்தவை பதினொரு தென்னைகளும் ஏழு கோழிகளும். எல்லாம் சேர்த்து மாதம் தொள்ளாயிரம் ரூபாய் வந்தால் அது நல்ல மாதம்.

மேசன் கூரையைப் பார்த்துவிட்டு நாற்பத்தையாயிரம் என்றார். ஐப்பசியில் மாரி தொடங்கும். ஒரு மாரியைத் தாங்காது சுண்ணாம்புச் சுவர் என்றும் சொன்னார். ஆரையம்பதியில் இருந்த தங்கை, வீட்டைப் பூட்டிப்போட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி ஆள்விட்டுச் சொன்னாள். கண்ணகை மறுத்துவிட்டாள். ஆள் இல்லாத வீடுகளில் முதலில் கதவு போகும், பிறகு நிலை போகும், பிறகு அந்த இடத்தில் ஒரு வீடு இருந்ததா என்று ஊரார் வாதாடுவார்கள். அதை அவள் அந்த ஒழுங்கையிலேயே மூன்றுமுறை பார்த்திருந்தாள்.

"ஒம்பது லெச்சம் பெறுமதியான வீடு," என்றார் இளையதம்பி. "வங்கியில ஈடு வெச்சா ஓடி வந்து தருவானுகள்."

அவர் ஆலையில் இருந்த காலத்திலும் கைக்கு வராததை வரவில் வைத்து இப்படித்தான் கணக்குப் பார்த்தவர்.

வாவிக்கரை மக்கள் சேம வங்கி பாலத்துக்கு அக்கரையில், நகரத்துக்குள் இருந்தது. பாலத்துச் சென்றியில் ஒரு சிப்பாய் அவளுடைய இரண்டு பைகளில் ஒன்றைத் திறந்து, உள்ளே இருந்த காகிதக் கட்டு என்னவென்று கேட்டான்.

"வீட்டு உறுதி. லோன் எடுக்கப் போறன்."

"லோன்?" சிப்பாயின் முகம் மாறியது. அவனும் தன் ஊரில் எங்கோ விண்ணப்பித்திருக்கவேண்டும். "பாவம்," என்று தெரிந்த தமிழில் சொல்லி, மற்றப் பையைத் திறந்துகூடப் பார்க்காமல் போகவிட்டான்.

வங்கி முகாமையாளர் வினாயகமூர்த்தி களுவாஞ்சிகுடிப் பக்கத்துக்காரர். பதவி உயர்வு கிடைத்த நாளிலிருந்து தலைமையகம் அனுப்பும் சுற்றுநிருபங்களில் வரும் தமிழிலேயே பேசப் பழகியிருந்தார். கண்ணகை விஷயத்தைச் சொன்னாள். அவர் விரல்களைக் கோத்து மேசையில் வைத்தார்.

"அம்மா, வருமானம் குறைந்த மக்களைக் கைதூக்கி விடுவதே எமது வங்கியின் நோக்கம். அதற்கான முதற்படியாக, வருமானம் குறைந்தவர்களுக்கு நாங்கள் கடன் வழங்குவதில்லை. வழங்கினால் அவர்கள் கடனாளியாகி விடுவார்கள். யுத்தம் தொடங்கிய காலத்திலிருந்து இந்தக் கிளை ஒரு ஏழையையேனும் கடனாளி ஆக்கியதில்லை. அதற்காகப் போன வருடம் எங்களுக்கு ஒரு கேடயம் தந்தார்கள்."

கேடயம் அவருக்குப் பின்னால் சுவரில் இருந்தது. கண்ணகை அதைப் பார்த்தாள்.

"அப்ப ஆருக்கு ஐயா லோன் குடுக்கிற?"

"போதிய வருமானம் உள்ளவர்களுக்கு."

"அவங்க வந்து கேக்கிறவங்களா?"

"வருவதில்லை," என்றார் முகாமையாளர். "அதுதான் நாங்கள் எதிர்நோக்கும் பிரதான சவால்."

கண்ணகை உறுதியை எடுத்து மேசையில் வைத்தாள். வருமானம் குறைவுதான், ஆனால் வீடு பெரியது, ஆறு அறை, அதை ஈடாக வைக்கலாம் என்றாள். முகாமையாளர் உறுதியை ஒவ்வொரு பக்கமாகப் படித்தார்.

"கூரை உண்டா?"

"பாதி உண்டு."

"சுற்றுநிருபத்தின்படி, முழுமையான கூரை இல்லாத வீடு மதில் எனக் கொள்ளப்படும். உங்களிடம் இருப்பது ஆறு அறைகளைக் கொண்ட ஒரு மதில். மதிலுக்கு வீட்டுக்கடன் வழங்க முடியாது."

"கூரை போடத்தானே ஐயா நான் லோன் கேக்கன்."

"போடுங்கள். போட்டுவிட்டு வந்தால், கூரை போடுவதற்கான கடனைப்பற்றி உடனேயே கதைக்கலாம்."

கண்ணகை உறுதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு எழுந்துபோகத் தோன்றவில்லை. எழுந்துபோகாமல் இருப்பவர்களை என்ன செய்யவேண்டும் என்று எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை. அரைமணி நேரம் பார்த்துவிட்டு முகாமையாளர் மேசை லாச்சியைத் திறந்து பதினேழு பக்கப் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வருமானம் பரிசோதிக்கப்படும் என்றும், அதற்கு வெளிக்கள உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார் என்றும் சொன்னார்.

உத்தியோகத்தர் ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். ஏறாவூரைச் சேர்ந்த சாலிஹ். மெலிந்த மனிதர், சைக்கிள், அளவுநாடா, கக்கத்தில் ஒரு கோப்பு.

"அக்கா, நான் வங்கியால வந்திரிக்கன். வருமானத்தக் காட்டுங்க."

கண்ணகை தென்னைகளைக் காட்டினாள். சாலிஹ் பதினொரு மரங்களுக்குக் கீழும் நின்று அண்ணாந்து, மரத்திலிருந்த முற்றிய தேங்காய்களை ஒவ்வொன்றாக எண்ணி, நாற்பத்துமூன்று என்று எழுதினார். கோழிகளை எண்ண முடியவில்லை, அவை நின்றுகொடுக்கவில்லை. 'நடமாடும் சொத்து, ஏறக்குறைய ஏழு' என்று எழுதினார். பிறகு விறாந்தைக்கு வந்து இளையதம்பியைப் பார்த்தார்.

"இவர் ஆரு?"

"என்ட அவர்."

"வீட்டுக்குச் சொந்தக்காரரா?"

"இல்ல. வீடு என்ட பேரில."

"உழைக்கிறவரா?"

"முந்தி."

"வாடகைக்கு இரிக்கிறவரா?"

"இல்ல தம்பி. சும்மா இருக்கிறவர்."

படிவத்தில் அப்படி ஒரு நிரல் இல்லை. சாலிஹ் பேனாவைக் கடித்துக்கொண்டு இளையதம்பியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அந்த முக்கால் மணிநேரத்தில் அவர் கதிரையைவிட்டு அசையாததைக் கவனித்திருந்தார். கடைசியில், 'நிலையான சொத்து, ஒன்று' என்று எழுதி, பக்கத்தில் ஒரு குறிப்பும் போட்டார்.

"என்ன எழுதுற தம்பி?" என்றார் இளையதம்பி.

"தேய்மானம். வருஷத்துக்குப் பத்து வீதம்."

"பத்துக் காணாது. என்ட முழங்கால் தனியாவே பதினைஞ்சு வரும்."

சாலிஹ் திருத்தி எழுதினார்.

அதற்குள் பன்னிரண்டரை ஆகிவிட்டது. உச்சிப்பொழுதில் வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புவது கண்ணகைக்குப் பழக்கமில்லை. அன்று விடிய வாவியில் பிடித்த இறால் இருந்தது. தேங்காய்ப்பாலில் இறால் கறி, முருங்கையிலைச் சுண்டல், புளிச்ச மாங்காய்ச் சம்பல். சாலிஹ் மூன்றுதரம் சோறு வாங்கினார். கை கழுவியபிறகு நீண்டநேரம் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிக்கை ஒரு வாரத்தில் வந்தது. 'விண்ணப்பதாரியின் வருமானம் போதாது. எனினும் மேலும் ஆழமான பரிசோதனை அவசியம்.'

இரண்டாவது பரிசோதனைக்கு சாலிஹ் இன்னொருவரையும் கூட்டிவந்தார். முதலாவது பரிசோதனையைப் பரிசோதிப்பவர் அவர். அவர் எண்ணியபோது தேங்காய் நாற்பத்தொன்றுதான் இருந்தது. இரண்டு எங்கே என்று பத்துநிமிடம் விசாரணை நடந்தது. போன புதன்கிழமை கறிக்கு எடுத்தது என்றாள் கண்ணகை. 'பரிசோதனையின்போது நுகரப்பட்ட சொத்து' என்று எழுதப்பட்டது. அன்றைக்கு நண்டுக்கறி. அதற்கு இன்னும் இரண்டு போனது.

வித்தியாசம் நான்காக வளர்ந்துவிட்டதால் மூன்றாவது தடவை ஐந்துபேர் கொண்ட குழு வந்தது. ஐந்தாவது ஆள் முகாமையாளர். எல்லோரும் சரியாகப் பதினொன்றரைக்கு வந்தார்கள். யாரும் தென்னைமரத்தடிக்குப் போகவில்லை. நேராக விறாந்தைக்கு வந்து, நிழலான இடமாகப் பார்த்து உட்கார்ந்து, இன்றைக்கு என்ன என்பதுபோலக் குசினிப் பக்கம் பார்த்தார்கள்.

அவர்கள் போனபிறகு கண்ணகை அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள். அடியில் அளந்தால் இரண்டு கொத்துத்தான் வரும்.

"பாத்தியா," என்றார் இளையதம்பி. "லோன் எடுக்கமுன்னமே வட்டி கட்டத் தொடங்கிற்றம்."

கண்ணகைக்குக் கோபம் வந்தது. கூரைமேல் வந்த கோபம், கந்தோர்மேல் வந்த கோபம், பதினேழு பக்கத்தின்மேல் வந்த கோபம் எல்லாம் அந்த இரண்டு கொத்து அரிசியில் வந்து நின்றது. அடுத்த புதன்கிழமை சாலிஹ் சைக்கிளை நிறுத்தும்போதே வாசலுக்குப் போனாள். இரவெல்லாம் யோசித்து வைத்த பேச்சு முழுவதும் மறந்துபோயிற்று.

"தம்பி, கோவிக்கப்படாது. இனி ஒரு ஆளுக்குச் சோறு நாப்பது ரூவா."

சாலிஹ் கோபிக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"பற்றுச்சீட்டுத் தருவீங்களா அக்கா?"

"எதுக்கு?"

"வெளிக்களத்துக்குப் போனா எங்களுக்கு ஒரு நாளைக்கு அம்பது ரூவா சாப்பாட்டுப் படி இரிக்கி. ஆனா பற்றுச்சீட்டு இல்லாட்டி தரமாட்டாங்க. நீங்க சும்மா சோறு போட்டதால மூணு கிழமையா எங்களுக்கு நட்டம். மேனேஜருக்கும் நட்டம். எப்படிச் செல்றெண்டு தெரியாம இரிந்தம்."

அன்றைக்கே இளையதம்பி கொப்பித் தாளைக் கிழித்துப் பற்றுச்சீட்டு எழுதினார். ஆலையில் எழுதிய எழுத்து, அழகாக இருந்தது. முத்திரை இல்லாமல் கணக்குப்பகுதி ஏற்காது என்று சாலிஹ் சொன்னதால், அவர் ஒரு வத்தாளைக் கிழங்கை இரண்டாக வெட்டி, அதில் 'கண்ணகை இல்லம்' என்று செதுக்கி, மையில் தோய்த்துக் குத்தினார். எழுத்து இடவலம் மாறி விழுந்தது. கணக்குப்பகுதி அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. அதற்குமுன் அவர்களிடம் வந்த எல்லா முத்திரையும் வாசிக்க முடியாததாகத்தான் இருந்ததாம்.

அதற்குப்பிறகு கண்ணகையின் வருமானம் வாரத்தில் ஐந்து நாளும் பரிசோதிக்கப்பட்டது.

முதலில் கடன்பகுதி முழுவதும் வந்தது. பின்னர் சேமிப்புப்பகுதி, கடன்பகுதியின் பரிசோதனை முறையைக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று வந்தது. நகை அடைவுப்பகுதியில் இருந்த இரண்டுபேர் எந்தக் காரணமும் சொல்லாமல் வந்தார்கள். வைகாசியில் ஒருநாள் பதினெட்டுப்பேர் விறாந்தையில் இருந்தார்கள். நகரத்தில் வங்கியைப் பார்த்துக்கொண்டு காவலாளி மட்டும் இருந்தார். ஆனியில் அவரும் வந்துவிட்டார். காசு எடுக்க வந்த சனம் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, விசாரித்து, பாலத்தைத் தாண்டிக் கல்லடிக்கு வந்தது. வந்தவர்கள் காசாளர் சாப்பிட்டு முடியும்வரை நிற்கவேண்டியிருந்தது. சும்மா நிற்பானேன் என்று அவர்களும் ஒரு கோப்பைச் சோறு வாங்கினார்கள்.

பாலத்துச் சென்றியில் இவர்களின் போக்குவரத்தைப்பற்றிச் சந்தேகம் வந்து, ஒரு சார்ஜன்ட் இரண்டு சிப்பாய்களுடன் வீட்டைச் சோதிக்க வந்தார். இவ்வளவுபேர் தினமும் ஓரிடத்தில் கூடுவது ஏன் என்று கேட்டார். முகாமையாளர் எழுந்து, ஒரு விண்ணப்பதாரியின் வருமானத்தைப் பரிசோதிப்பதற்கு என்றார். சார்ஜன்ட் பதினெட்டு வாழையிலைகளையும் பார்த்தார். தன் நீண்ட சேவையில் இவ்வளவு பலவீனமான சாக்குப்போக்கை யாரும் சொன்னதில்லை, ஆகவே இது உண்மையாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவுசெய்து, மூன்று பார்சல் கட்டச் சொன்னார்.

பக்கத்து ஒழுங்கைச் சீதேவிப்பிள்ளை தேங்காய் துருவ வந்தாள். கண்ணகை விடிய நாலுமணிக்கு அடுப்பு மூட்டினாள். இடுப்பு நொந்தது, உள்ளங்கை சுட்டுக் காய்த்தது. ஆனால் சனிக்கிழமைகளில் செலவு போக மிஞ்சியதை எண்ணி, சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டு ஓட்டுக்கடைக்குப் போகும்போது நோவு குறைந்ததுபோல் இருந்தது. ஒருதடவை நூறு ஓடு, ஒருதடவை இருநூறு. மேசன் வந்து வரிசை வரிசையாக வேய்ந்தார். முதலில் விறாந்தைக்கு வேலை நடந்ததால், பரிசோதனைக் குழு சாப்பாட்டு மேசையோடு முன்னறைக்குப் போனது. முன்னறைக்கு வேலை வந்ததும் நடுவறைக்குப் போனது. அண்ணாந்து பார்க்க ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஒருமுறை முகாமையாளரின் சோற்றில் ஓட்டுத்துண்டு விழுந்தது. அவர் அதை எடுத்து வாழையிலையின் ஓரத்தில், நண்டுக்கோதுகளோடு வைத்தார்.

ஆவணியில் கையில் நாற்பது பக்கம் பற்றுச்சீட்டு அடிக்கட்டைகள் சேர்ந்துவிட்டன. கூரையில் இன்னும் இரண்டு அறைகள் மிச்சம். மாரிக்கு இரண்டு மாதமும் இல்லை. இந்த வேகத்தில் முடியாது என்று மேசன் சொல்லியிருந்தார். கண்ணகை அடிக்கட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனாள். காலை பத்துமணி. முகாமையாளர் அவளைக் கண்டதும் எழுந்தேவிட்டார்.

"நீங்க இஞ்ச வந்தா அங்க ஆரு சமைக்கிற?"

ஆறுவருடத்தில் அவர் வாயிலிருந்து ஊர்த்தமிழ் வந்தது அன்றுதான் என்று காசாளர் பிறகு சொன்னார்.

"சீதேவி அடுப்படியில நிக்கிறா. கணவாய் வாங்கி வெச்சிட்டுத்தான் வந்தன்," என்றாள் கண்ணகை. "ஐயா, இப்ப எனக்கு வருமானம் இருக்கு. நீங்க கேட்டதுக்கு மேலால இருக்கு. இந்தா கணக்கு. மிச்சக் கூரைக்கு மட்டும் பதினைஞ்சாயிரம் தந்தாக் காணும்."

கணவாய் என்றதும் முகாமையாளர் அமைதியடைந்து உட்கார்ந்தார். அடிக்கட்டைகளைப் புரட்டினார். திரும்பச் சுற்றுநிருபத் தமிழ் வந்தது.

"அம்மா, உங்கள் வருமானம் திருப்திகரமானது. மாவட்டத்திலேயே இவ்வளவு நுணுக்கமாகப் பரிசோதிக்கப்பட்ட வருமானம் வேறு இல்லை. ஆனால் ஒரு வங்கி என்பது தூரநோக்கோடு சிந்திக்கவேண்டும். உங்கள் வருமானத்தின் மூலம் எது? எமது பரிசோதனை. பரிசோதனை ஏன் நடக்கிறது? நீங்கள் கடன் கேட்டதால். நாளைக்குக் கடன் தந்தால் என்னவாகும்? பரிசோதனை நின்றுவிடும். பரிசோதனை நின்றால் வருமானம் நின்றுவிடும். வருமானம் நின்றால் நீங்கள் கடனைக் கட்டமாட்டீர்கள். ஆகவே உங்களுக்குக் கடன் தரும் அந்தக் கணத்திலேயே நீங்கள் கடன்பெறத் தகுதியற்றவராகி விடுகிறீர்கள். தெரிந்துகொண்டு அந்த அநியாயத்தை ஒரு ஏழைப்பெண்ணுக்கு நான் எப்படிச் செய்வேன்?"

கண்ணகை அதை மனதுக்குள் ஒருமுறை முன்னாலும் ஒருமுறை பின்னாலும் ஓட்டிப் பார்த்தாள். அந்தச் சங்கிலி எங்கேயும் அறவில்லை.

"அப்ப லோன் இல்லையா?"

"கடன் இல்லை. ஆனால் பரிசோதனை தொடரும்," என்றார் முகாமையாளர். அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "எத்தனை வருடம் ஆனாலும் உங்களைக் கைவிடமாட்டோம்."

அவள் திரும்பிவரும்போது பாலத்தில் நடுவழியில் நின்று வாவியைப் பார்த்தாள். அழுகை வரும்போல் இருந்தது, அதற்குமுன் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் மணியடித்துக்கொண்டு வந்த சைக்கிள் நின்றது. சாலிஹ்.

"அக்கா, ஒண்டு செல்லட்டா. புரட்டாதி முடிய நிதியாண்டுப் பரிசோதனை எண்டு ஒண்டு போடலாம். மற்றக் கிளைகளையும் கூப்பிடலாம். வாழைச்சேனைக் கிளை, கல்முனைக் கிளை. அறுபது பேருக்குச் சமைக்க ஏலுமா?"

கண்ணகை அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சட்டி வேணும்," என்றாள்.

"பள்ளிவாசல்ல கந்தூரிச் சோறாக்கிற சட்டி இரிக்கி. நான் கேட்டு எடுத்துத் தாறன்."

நிதியாண்டுப் பரிசோதனை ஒன்பது நாள் நடந்தது. இளையதம்பிக்குக் கிழங்கு முத்திரை மூன்றுமுறை அழுகிப் புதிதாகச் செதுக்கவேண்டி வந்தது. அவர் கதிரையை விட்டெழும்பி, விறாந்தைக்கும் குசினிக்கும் நடந்து, ஆட்களை இருத்தி, இலை போட்டார். ஐப்பசி பத்தாம் திகதி மேசன் கடைசி முகட்டோட்டை வைத்துச் சாந்து பூசிவிட்டு இறங்கினார்.

அந்த வாரத்திலேயே கொழும்பிலிருந்து பிரதம ஆய்வாளர் வந்தார். நாற்பத்தையாயிரம் ரூபாய்க் கடன் விண்ணப்பம் ஒன்றைப் பரிசோதிக்க வங்கிக்கு இதுவரை ஒரு லட்சத்து எழுபதாயிரம் செலவாகியிருந்தது. அதை யாரோ கூட்டிப் பார்த்துவிட்டார்கள். ஆய்வாளர் வெள்ளை நீளக்காற்சட்டை அணிந்த கனத்த மனிதர். முகாமையாளரும் சாலிஹும் மற்றவர்களும் விறாந்தையில் வரிசையாக நின்றார்கள். அவர் ஒருவரையும் பார்க்காமல் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு ஆறு அறைகளுக்கும் போய் ஆறு கூரைகளையும் பார்த்தார்.

"சேதம் எங்கே?"

எல்லோரும் அப்போதுதான் முதல்தடவையாக மேலே பார்த்தார்கள்.

"போட்டுட்டம் ஐயா," என்றாள் கண்ணகை.

"எந்தப் பணத்தில்?"

"இவங்க திண்ட காசில."

பிரதம ஆய்வாளர் கதிரையில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார். கண்ணகைக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. விமானத்தில் வந்து, வழியில் ஆறு சென்றியில் இறங்கிப் பையைத் திறந்து காட்டி வந்த மனிதர். இலை போட்டு, நண்டும் சோறும் வைத்தாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு அந்தக் கையாலேயே பிசைந்தார். அவர் இரண்டு நண்டை முடிப்பதற்குள் வரிசையில் நின்றவர்களும் தங்கள் இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஐயா, அப்ப எனக்கு லோன் வேணாம்," என்றாள் கண்ணகை. "அந்தக் கோப்ப மூடிப்போடுங்க."

"அது அவ்வளவு இலகுவல்ல," என்றார் பிரதம ஆய்வாளர், மூன்றாவது நண்டின் காலை உடைத்தபடி. "கடனை மறுப்பதற்கான படிவம், கடன் அனுமதிக்கப்பட்டவருக்கு மட்டுமே உரியது. அனுமதிக்கப்படாத கடனை நீங்கள் மறுக்க முடியாது. எனவே முதலில் உங்களுக்குக் கடனை அனுமதிக்கிறேன். இப்போது கூரையும் இருக்கிறது, வருமானமும் இருக்கிறது, தேவையும் இல்லை. மூன்று நிபந்தனையும் ஒருங்கே பூர்த்தியான விண்ணப்பத்தை நான் என் சேவைக்காலத்தில் பார்ப்பது இதுதான் முதல்தடவை."

இடக்கையால் பேனாவை எடுத்து அனுமதித்தார். பிறகு மறுப்புப் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். கையெழுத்து வைத்தால் கோப்பு மூடப்படும், பரிசோதனைகள் யாவும் இன்றோடு முடியும் என்றார்.

கண்ணகை பேனாவை வாங்கினாள். விறாந்தையில் பதினெட்டுப்பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். முகாமையாளரின் கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. சாலிஹ் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குசினி வாசலில் சீதேவிப்பிள்ளை துருவலையை மடியில் வைத்தபடி அவளையே பார்த்தாள். அந்தப் பெண்ணின் வீட்டிலும் மூன்றுமாதமாக ஒழுங்காக அடுப்பெரிந்துகொண்டிருந்தது. இளையதம்பி தோளில் துவாயோடு தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கண்ணகை பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"ஐயா, நான் படிப்பில்லாத மனிசி. சும்மா கையெழுத்து வெச்சிர ஏலா. இதப்பத்தி நல்லா யோசிக்கவேணும், ஆக்கள்ட்டக் கேக்கவேணும்."

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"சொல்லத் தெரியா. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் போகும்."

பிரதம ஆய்வாளர் அதை யோசித்துப் பார்த்தார். விண்ணப்பதாரி யோசிக்கும் காலத்தில் வங்கி என்ன செய்யவேண்டும் என்று முகாமையாளரைக் கேட்டார். அவருடைய தற்போதைய நிலைமையைத் தொடர்ச்சியாகக் கண்காணிக்க வேண்டும் என்று முகாமையாளர் ஒரே மூச்சில் சொன்னார். பிரதம ஆய்வாளர் தலையசைத்தார். மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்தும் ஒருவர் வந்து பார்ப்பது நல்லது என்றும், தானே வரலாம் என்றும் சொல்லி, சோற்றுக்குச் சொதி கேட்டார்.

மூன்றரைக்கு எல்லோரும் பாலத்தைத் தாண்டிப் போனார்கள். வாவியின் மேற்குக்கரைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. சீதேவிப்பிள்ளை சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஓட்டமாக வீட்டுக்குப் போனாள். அந்த வருடத்து மாரியின் முதல் மழை நாலுமணிக்கு ஒரேயடியாகக் கொட்டியது.

இளையதம்பி பற்றுச்சீட்டுகளை ஈரம் படாமல் உள்ளே கொண்டுவந்தபோது கண்ணகையைக் காணவில்லை. அறை அறையாகப் பார்த்தார். கடைசி அறையில் அவள் வெறும் சீமெந்துத் தரையின் நடுவே, கையையும் காலையும் நீட்டி மல்லாந்து படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது.

"என்னகா, இடுப்பு நோவா?"

"இல்ல."

"அப்ப என்ன செய்யிறாய்?"

"மழையக் கேட்டுக்கொண்டு கிடக்கன்," என்றாள் கண்ணகை. "வெளியில பெய்யுது."